வாசகர் கேள்வி–பதில்: நாயகன் போன பின்னும் நடக்கிற ஆபீஸ்

‘தி ஆபீஸ்’ என்னும் அமெரிக்க நகைச்சுவைத் தொடரைப் பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதற்குத் தில்லியிலிருந்தும் அதன் சுற்றுப்புறங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அத்தொடரின் கடைசி சீசனைப் பற்றியே பேசியதால், இந்த இதழின் பக்கத்தை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். தொடரைப் பாராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்கிராண்டன் நகரில், டண்டர் மிஃப்ளின் என்ற கற்பனைக் காகித நிறுவனத்தின் கிளை அலுவலகம்தான் கதைக்களம். ஓர் ஆவணப்படக் குழு அங்கே வந்து அன்றாட நடப்புகளைப் படம் பிடிப்பதாகக் கதை. என்பிசி தொலைக்காட்சியில் 2005 மார்ச்சில் தொடங்கி 2013 மே 16 அன்று முடிந்தது. 9 சீசன்கள், 201 பகுதிகள். கிளை மேலாளர் மைக்கேல் ஸ்காட்டாக நடித்த ஸ்டீவ் கரெல் ஏழாவது சீசனிலேயே, 2011இல், விலகிவிட்டார்.

கேள்வி: நான் மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். என் மருமகளோடு சேர்ந்து இந்தத் தொடரைப் பார்த்தேன். “மைக்கேல் போனதோடு நிறுத்திக்கொள்ளலாம் மாமா, அதற்கப்புறம் ஒன்றுமில்லை” என்றாள். நான் விடாமல் பார்த்தேன். எட்டாவது சீசன் சலிப்புத் தட்டியது உண்மைதான். ஆனால் ஒன்பதாவது, முதல் சீசன்களைக் காட்டிலும் மனத்தைப் பிடித்துக்கொண்டது. இது என் வயதின் கோளாறா, அல்லது அதில் உண்மையாகவே ஏதேனும் இருக்கிறதா?
— ஆர்.கே.புரம் வாசகர்

பதில்: உங்கள் வயதுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாதவர்களும் இதையே எழுதியிருக்கிறார்கள்.

ஒரு கூட்டமாகப் பலர் நடிக்கும் நகைச்சுவைத் தொடரில், தொடக்க ஆண்டுகளின் எழுத்தாளர்களுக்கு இரட்டை வேலை. இவர் கஞ்சர், அவர் கோபக்காரர் என்று ஆளை அறிமுகப்படுத்தவும் வேண்டும். அந்த ஆளை வைத்துச் சிரிக்க வைக்கவும் வேண்டும். ஒன்பதாம் ஆண்டில் முதல் வேலை இல்லாமல் போகிறது. காட்சியில் பாதியைப் பார்க்கிறவர் தம் நினைவிலிருந்தே கொண்டுவந்து சேர்த்துவிடுகிறார். மீதிப் பாதியை மட்டும் திரையில் காட்டினால் போதும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். அரசு அலுவலகத்தில் இருந்த உங்களுக்கு இது கூடுதலாகவே புரியும். டுவைட் என்ற விற்பனையாளர் முதல் சீசனிலிருந்தே தம்மை ‘உதவி மண்டல மேலாளர்’ என்று சொல்லிக்கொள்வார். உடனே யாராவது ஒருவர் ‘மண்டல மேலாளரின் உதவியாளர்’ என்று திருத்துவார். பதவிப் பெயரில் ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் என்ன ஆகும் என்பதை நம் செக்‌ஷன்களில் பணியாற்றியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒன்பதாவது சீசனின் இறுதிக்கு அருகில் டுவைட் மேலாளராகவே ஆகிவிடுகிறார். இத்தனை காலம் அவரைச் சீண்டிக்கொண்டே இருந்த சக விற்பனையாளர் ஜிம் இப்போது அவருடைய உதவியாளர். அந்த உதவியாளருக்கும் ஓர் உதவியாளர் தேவை என்று ஜிம் நயமாக எடுத்துச் சொல்லி, அதற்கென ஒரு போட்டியும் நடத்தி, கடைசியில் டுவைட்டையே அந்தப் பதவிக்கு வெற்றி பெறச் செய்கிறான். காட்சியில் விளக்கம் ஒன்றுமே இல்லை. புதிதாகப் பார்க்கிறவருக்கு அது சாதாரண விளையாட்டு. தொடக்கத்திலிருந்து பார்த்தவருக்கோ, எட்டு ஆண்டுகளாக ஒருவரையொருவர் வாட்டிய இருவர் தங்கள் பகையை அன்பாக மாற்றிக்கொள்ளும் சடங்கு.

இன்னொரு காட்சியையும் சொல்லியாக வேண்டும். கணக்குப் பிரிவில் எதிரெதிரே அமர்ந்திருப்பவர்கள் ஏஞ்சலாவும் ஆஸ்கரும். ஆஸ்கர் தன்பால் ஈர்ப்பு கொண்டவர் என்று மூன்றாவது சீசனில் தெரிய வந்தபோது, ஏஞ்சலா முகம் சுளித்து விலகிப் போனவர். ஒன்பதாவது சீசனில் அவருடைய செனட்டர் கணவர், அதே ஆஸ்கரோடு மறைவாகத் தொடர்பு வைத்திருந்தது வெளியாகிறது. மணவாழ்வு முறிந்து, குழந்தையோடு வீட்டையும் இழந்து நிற்கிற ஏஞ்சலாவைத் தம் வீட்டுக்கு அழைத்துச் செல்கிறவர் ஆஸ்கர்தான். அங்கே தளர்ந்து அழுகிறபோது, தாம் இன்னும் நேசிப்பது டுவைட்டைத்தான் என்பதை ஏஞ்சலா அவரிடம் சொல்லிவிடுகிறார். இருவரும் ஒருவரையொருவர் மன்னித்ததாக எந்த வசனமும் கிடையாது. இவ்வளவு பெரிய மாற்றத்தை இரண்டே நிமிடக் காட்சியில் நம்ப வைக்க, அதற்கு முன்னால் பல ஆண்டுகளின் வெறுப்பு பார்க்கிறவரின் மனத்தில் படிந்திருக்க வேண்டும். முதல் சீசனின் எழுத்தாளர் எவ்வளவு திறமைசாலியானாலும் அவருக்கு இந்தக் கைமுதல் கிடையாது.

எட்டாவது சீசன் ஏன் சலித்தது என்பதும் இதிலிருந்தே விளங்கும். மைக்கேல் போனதும், காலியான நாற்காலிக்கு இன்னொரு நாயகனைத் தேடினார்கள். நடிகர் ஜேம்ஸ் ஸ்பேடர் புதிதாக வந்தார், கதையில் விற்பனையாளர் ஆண்டி மேலாளரானார். இருவராலும் அந்த இடத்தை நிரப்ப முடியவில்லை. தொடரை அமெரிக்காவுக்கென உருவாக்கிய கிரெக் டேனியல்ஸ் ஒன்பதாவது சீசனுக்குப் பொறுப்பேற்கத் திரும்பி வந்தபோது அந்தத் தேடலின் வேகம் தணிந்தது; அறையில் ஏற்கனவே அமர்ந்திருந்தவர்களின் பக்கம் கேமரா திரும்பியது. மைக்கேல் இருந்தவரையில் மற்றவர்களின் முகங்கள் பெரும்பாலும் அவருடைய அசட்டுத்தனத்தை வாங்கிக் காட்டுகிற முகங்களாகவே இருந்தன. அவர் போன பிறகுதான் ஃபிலிஸும் ஸ்டான்லியும் டேரிலும் தங்களுக்கென்று விருப்பு வெறுப்புகள் உள்ள முழு மனிதர்களாகத் தெரிகிறார்கள்.

நம் அலுவலகங்களில் மாதத்தின் கடைசி வேலைநாளில் நடக்கும் பிரிவுபசாரங்களை நினைத்துப் பாருங்கள். கோப்புகளை ஓரமாக ஒதுக்கிய மேசையில் சமோசாவும் பர்ஃபியும் வைத்திருப்பார்கள். பக்கத்து மேசையில் இருபது ஆண்டுகள் உட்கார்ந்து, விடுப்பு விண்ணப்பத்தைத் தவிர வேறெதையும் பேசியிராத ஒருவர் எழுந்து, ஓய்வு பெறுகிறவரின் தாயார் இறந்த அன்று இரவு நிஜாமுதீன் ரயில் நிலையத்துக்குத் தாம் உடன் சென்றதைச் சொல்லுவார். அத்தனை நாளும் அவர் அங்கேதான் இருந்தார். பேசுவதற்கு அவருடைய முறை அன்றுதான் வந்தது. ஒன்பதாவது சீசன் உங்களைப் பிடித்துக்கொண்டதற்கு இதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி: ஜிம்மும் அதே அலுவலகத்தில் வேலை பார்த்த பாமும் எத்தனை தடைகளைத் தாண்டி மணம் செய்துகொண்டார்கள்! கடைசி சீசனில் அவர்களைச் சண்டை போட வைத்து, பார்ப்பவர்களை ஏன் வதைக்க வேண்டும்? எனக்கு ஆத்திரமாக வந்தது.
— முனீர்கா வாசகி

பதில்: உங்கள் ஆத்திரம் நியாயமானது. ஆனால் அந்தச் சண்டை இல்லாவிட்டால் ஒன்பதாவது சீசனுக்கு முதுகெலும்பே இருந்திருக்காது.

நகைச்சுவைத் தொடர்களில் காதலர்கள் மணந்துகொண்டதும் கதையாசிரியர்களுக்குக் கை ஓய்ந்துவிடும். ஒன்று, அவர்களைப் பிரிப்பார்கள். இல்லையென்றால் பூஜை அறைப் படங்களைப் போல அசையாமல் வைத்துவிடுவார்கள். ஆறாவது சீசனில் மணம் முடிந்த பிறகு ஜிம்முக்கும் பாமுக்கும் இந்த இரண்டாவது கதிதான் நேர்ந்தது. கடைசி சீசனில் அவர்களுக்கு வருகிற சோதனையில் இன்னொரு பெண்ணும் இல்லை, இன்னொரு ஆணும் இல்லை; வேலைதான். நண்பர்களோடு சேர்ந்து ஃபிலடெல்ஃபியாவில் விளையாட்டு வீரர்களுக்கான விளம்பர நிறுவனம் ஒன்றைத் தொடங்க ஜிம் முடிவெடுக்கிறான். அதை மனைவியிடம் முதலில் சொல்லவில்லை. வாரத்தில் சில நாட்கள் அங்கே, மற்ற நாட்கள் இங்கே என்று ஆகிறது. இரண்டு குழந்தைகளையும் பாம் தனியாகப் பார்த்துக்கொள்கிறாள். குர்காவ்னில் ஒருவரும் சென்னையிலோ பெங்களூருவிலோ இன்னொருவருமாக வேலை பார்க்கும் தம்பதிகள் நம்மில் எத்தனை பேர்? இந்தச் சண்டையின் ஒவ்வொரு சொல்லும் அவர்களுக்குத் தெரியும்.

மகளின் நடன நிகழ்ச்சியைக் கைப்பேசியில் பதிவு செய்யத் தவறிவிட்டதற்காக, தொலைபேசியில் ஜிம் பாமிடம் எரிந்து விழும் காட்சியை மறுபடி ஒருமுறை பொறுமையாகப் பாருங்கள். அழைப்பு முடிந்ததும் பாம் அழத் தொடங்குகிறாள். அதுவரை எட்டு ஆண்டுகளாகத் திரைக்குப் பின்னால் மட்டுமே இருந்து வந்த படக்குழுவிலிருந்து, ஒலிவாங்கியைப் பிடித்திருக்கும் ஒருவர் முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரிகிறார். பாமுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, கேமராவை நிறுத்தச் சொல்கிறார். நாம் இதுவரை பார்த்தது யாருடைய கண்களின் வழியாக என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது. இவ்வளவு காலம் அந்தக் கண்களும் அவர்களோடு சேர்ந்து வாழ்ந்துகொண்டிருந்தன என்று தெரிகிறபோது, பார்த்துக்கொண்டிருந்த நம்முடைய நிலையும் மாறிவிடுகிறது. ஆவணப்படம் என்ற உத்தியை முதல் நாளிலிருந்தே கையாண்ட தொடர், அந்த உத்திக்குள் இருந்த மனிதரை இவ்வளவு காலம் காத்திருந்து வெளிக்கொணர்ந்த துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன். அந்தப் பாத்திரத்தைப் பிறகு அவர்கள் அரைகுறையாக விட்டுவிட்டார்கள் என்ற குறையும் எனக்கு உண்டு.

சண்டை தீர்கிற விதத்தையும் கவனியுங்கள். இரண்டாவது சீசனின் கிறிஸ்துமஸ் பகுதியில் ஜிம் பாமுக்கு ஒரு தேநீர்க் கூஜா பரிசளித்தான். அதற்குள் ஒரு கடிதம் வைத்திருந்தான். அவள் பார்ப்பதற்குள் மனம் தளர்ந்து அதைத் திரும்ப எடுத்துக்கொண்டான். அந்தக் கடிதம் ஒன்பதாவது சீசனில் அவள் கைக்கு வந்து சேருகிறது. அதில் என்ன எழுதியிருந்தது என்பதை நமக்குக் கடைசிவரை சொல்லவே இல்லை. அவள் படிக்கிறாள், நாம் அவள் முகத்தைப் பார்க்கிறோம். இறுதிப் பகுதியில், ஜிம்முக்குத் தெரியாமல் வீட்டை விற்க ஏற்பாடு செய்து, அவன் விட்டுக்கொடுத்த அந்த வேலைக்கே அவனோடு கிளம்பத் தயாராக நிற்பவள் பாம். அவன் சொல்லாமல் எடுத்த முடிவு குடும்பத்தை உலுக்கியது. அவள் சொல்லாமல் எடுத்த முடிவு அதைச் சரி செய்தது. தொடக்க சீசன்களின் காதல் இதைவிட இனிமையாக இருந்திருக்கலாம். ஆனால் இவ்வளவு ஆழம் அதற்கு இல்லை.

கேள்வி: ஆங்கிலேயர் எடுத்த மூலத்தொடர் 14 பகுதிகளோடு கச்சிதமாக முடிந்தது. அமெரிக்கர்கள் 201 வரை இழுத்தது பணத்துக்காக அல்லவா? நம் ஃபரிதாபாத்தை வைத்து எடுத்த இந்தித் தொடருக்கும் இந்த நீளம் வாய்க்கவில்லையே!
— ஃபரிதாபாத் வாசகர்

பதில்: பணத்துக்காகத்தான், இதை மறைக்க வேண்டியதில்லை. அமெரிக்கப் பெரிய தொலைக்காட்சிகளின் நகைச்சுவைத் தொடர் ஆண்டுக்கு 20க்கு மேற்பட்ட பகுதிகளாக ஓடும். ஏறத்தாழ 100 பகுதிகள் சேர்ந்துவிட்டால், மறுஒளிபரப்புக்கு மற்ற நிலையங்களுக்கு விற்பதுதான் பெரும் லாபம் தரும். ஆகவே ஓடுகிற தொடரை எளிதில் நிறுத்த மாட்டார்கள். ரிக்கி ஜெர்வைஸும் ஸ்டீஃபன் மெர்ச்சண்டும் எழுதிய மூலத்தொடர் 2001 முதல் 2003 வரை, இரண்டு சீசன்களும் இரண்டு பகுதிகளான ஒரு கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சியுமாக முடிந்தது; அதில் ஒரு வரிகூட மிகையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் வணிகக் காரணத்துக்காக ஏற்பட்ட நீளம், கலைக்கு எதிர்பாராத ஒரு வரத்தையும் கொடுத்துவிட்டது. நடிகர்கள் கேமராவின் முன்னாலேயே உண்மையாகவே முதுமை அடைகிறார்கள். ஜிம்மின் தலைமுடியும் பாமின் முகமும் மாறியிருப்பதை ஒப்பனையாளர் செய்யவில்லை. பிரிட்டிஷ் தொடரைச் சிறுகதையாகப் படிக்கலாம். அமெரிக்கத் தொடரைக் குடித்தனமாகத்தான் நடத்த வேண்டும். மைக்கேல் விடைபெறுகிற பகுதி 2011இல் முடிந்துபோனாலும், மக்கள் அதோடு நின்றுவிடவில்லை. 2020இல், வீட்டுக்குள் அடைந்திருந்த ஆண்டில், அமெரிக்காவில் இணையத் திரையில் மிக அதிக நேரம் பார்க்கப்பட்ட தொடர் இதுவே என்று நீல்சன் நிறுவனம் கணக்கிட்டது: சுமார் 5,700 கோடி நிமிடங்கள். அத்தனை பேரும் நல்ல நகைச்சுவைத் துணுக்குகளை மட்டுமே தேடி வந்திருக்க முடியாது.

ஹாட்ஸ்டாரில் 2019இல் வந்த இந்தி வடிவம் ஃபரிதாபாத்தில் உள்ள வில்கின்ஸ் சாவ்லா என்ற காகித நிறுவனத்தைக் களமாக வைத்துக்கொண்டது. இரண்டு சீசன்களோடு நின்றதால், அந்த அறையில் இருந்த மற்றவர்களை நாம் அறிந்துகொள்ளவே இல்லை. உங்கள் ஊரில் இத்தகைய அலுவலகங்களுக்கா பஞ்சம்? அவர்களுக்கும் ஐந்தாறு ஆண்டுகள் கிடைத்திருந்தால் என்று நானும் ஏங்குகிறேன்.

கேள்வி: நீங்கள் புகழ்கிற ஒன்பதாவது சீசனில்தான் கெவினை முழு முட்டாளாக்கினார்கள், ஆண்டியைச் சகிக்க முடியாதவனாக்கினார்கள். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?
— மயூர் விஹார் வாசகர்

பதில்: இரண்டும் உண்மை. நீண்ட தொடர்களைப் பிடிக்கும் நோய் இது: ஒருவரிடம் மக்கள் சிரித்த குணம் எதுவோ, அதையே ஆண்டுதோறும் ஒரு சுற்றுப் பெருக்கிக்கொண்டே போவார்கள். தொடக்கத்தில் கெவின் மெதுவாகப் பேசுகிற, உள்ளூர நகைச்சுவை உணர்வுள்ள ஒரு கணக்கர். முடிவில் அவருக்குக் கூட்டல் கழித்தலே தெரியாது என்று ஆகிவிட்டது. இதை எந்த வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

ஆண்டியின் சரிவுக்குத் திரைக்கு வெளியேயும் ஒரு காரணம் இருந்தது. அவ்வேடத்தில் நடித்த எட் ஹெல்ம்ஸ் ‘தி ஹேங்ஓவர்’ படவரிசையின் மூன்றாம் படத்தில் நடிக்கச் செல்ல வேண்டியிருந்ததால், ஆண்டியை ஒரு படகில் ஏற்றி மூன்று மாதம் வெளியே அனுப்பினார்கள். காதலி எரினைக் காத்திருக்க வைத்துவிட்டுத் திரும்பி வந்த ஆண்டியிடம் முந்தைய கனிவு எதுவும் மிஞ்சவில்லை. நடிகரின் நாட்குறிப்புக்காகப் பாத்திரத்தின் குணத்தைப் பலி கொடுத்தது பெரும் பிழை. இன்னொரு பகுதியான ‘தி ஃபார்ம்’, டுவைட்டின் பண்ணைக் குடும்பத்தை வைத்துத் தனித்தொடர் தொடங்குவதற்காக எடுத்தது. என்பிசி அதை ஏற்கவில்லை. எஞ்சிய காட்சிகளை ஒட்டுப் போட்டு ஒளிபரப்பிய அடையாளம் அப்படியே தெரிகிறது.

இத்தனைக்குப் பிறகும் நான் அந்த சீசனை விரும்புகிறேன். எட்டு ஆண்டுகளாகக் குறுக்கெழுத்துப் புதிரிலிருந்து தலை நிமிராத ஸ்டான்லி, இறுதிப் பகுதியில் ஃபிலிஸுக்குத் தம் கையால் செதுக்கிய ஒரு மரப்பறவையைக் கொண்டுவந்து கொடுக்கிறார். அதன் முகம் ஃபிலிஸின் சாயலில் இருக்கிறது. வேலை முடிந்தால் போதும் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், பக்கத்தில் இருந்த பெண்மணியின் முகத்தை அவ்வளவு துல்லியமாகப் பார்த்து வைத்திருக்கிறார். அதே பகுதியில் டுவைட்டின் திருமணத்துக்கு மைக்கேல் திரும்பி வருகிறார். மிகச் சில சொற்களே பேசுகிறார். நாயகன் திரும்பி வந்தும் மேடையை மற்றவர்களுக்கே விட்டு ஒதுங்கி நிற்கிறார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

கேள்வி: இதேபோல் கடைசி சீசன்களுக்காகவே பார்க்கத் தகுந்த வேறு தொடர்கள் உண்டா?
— கரோல்பாக் வாசகர்

பதில்: ‘மேஷ்’ உண்டு. மூன்றாண்டு நடந்த கொரியப் போரைப் பற்றிய அத்தொடர் 1972 முதல் 1983 வரை பதினொரு சீசன்கள் ஓடியது. நடுவில் முக்கிய நடிகர்கள் பலர் விலகினார்கள். புதிதாக வந்தவர்களைப் பழையவர்களின் நகலாக்காமல் வேறு குணமுள்ளவர்களாகப் படைத்ததால், பிற்காலத் தொடரில் போரின் களைப்பு இன்னும் கனமாகத் தெரிகிறது. ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரின் பத்தாவது சீசனில் 18 பகுதிகள்தாம். அவற்றில் வேடிக்கை குறைவு, மூட்டை கட்டுகிற வேலை அதிகம். முதலில் ‘மேஷ்’ பாருங்கள்.

கேள்வி: எனக்கு நேரம் மிகக் குறைவு. நேரடியாக ஒன்பதாவது சீசனிலிருந்து தொடங்கலாமா?
— துவாரகா வாசகி

பதில்: கூடாது. தெரியாதவர்களின் வீட்டு விசேஷத்துக்குப் போனதாகத்தான் ஆகும். ஆனால் 201 பகுதிகளையும் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. முதல் சீசனின் ஆறு பகுதிகள் மூலத்தொடரின் நிழலிலேயே இருப்பதால் அவற்றை விட்டுவிடலாம். இரண்டாவதையும் மூன்றாவதையும் முழுவதும் பாருங்கள். தேநீர்க் கூஜாவும் ஆஸ்கரும் ஏஞ்சலாவும் அங்கேதான் இருக்கிறார்கள். நான்காவதும் ஐந்தாவதும் கிடைத்த நேரத்துக்கு ஏற்ப. ஆறாவதில் திருமணம் நடக்கும் ‘நயாகரா’ தவறக் கூடாது. ஏழாவதில் மைக்கேல் விடைபெறும் பகுதியும் அப்படியே. எட்டாவதை மனசாட்சி உறுத்தாமல் தாண்டிவிடுங்கள். ஒன்பதாவதை வரிசை மாற்றாமல் பாருங்கள். ‘தி ஃபார்ம்’ ஒன்றை மட்டும் விட்டால் பாதகமில்லை. ஒரு பகுதி ஏறக்குறைய 22 நிமிடம் என்பதால் துவாரகாவிலிருந்து ராஜீவ் சவுக் வரை மெட்ரோவில் போய்ச் சேர்வதற்குள் ஒன்று முடிந்துவிடும். ஆனால் இறுதிப் பகுதி அதைப் போல இரு மடங்குக்கும் மேல் நீளம்; அதை மட்டும் வீட்டில் உட்கார்ந்து பாருங்கள்.